ஆறிதழ்ப் பூ

கபடிக்கு ஆகாதவர்கள் என்று என் சிற்றப்பாவால் முறைப்படி கழிக்கப்பட்ட நாங்கள் அறுவர், அவ்வாண்டின் மழைக்காலத்தில், நீருக்குள் தலைகீழாக நின்று கால்களால் பூ மலர்த்தக் கற்றுக்கொண்டோம். இதைச் சொன்னால் இன்று யாரும் நம்புவதில்லை. என் பேத்தியும் நம்பவில்லை.

சென்ற திங்களில் அவளோடு அமர்ந்து சப்பானிய நகைச்சுவைத் திரைப்படம் ஒன்றைப் பார்த்தேன். பள்ளிப் பையன்கள் சிலர் தமக்குச் சற்றும் பொருந்தாத விளையாட்டு ஒன்றில் இறங்கி, ஊரார் நகைப்புக்கு ஆளாகி, விடாப்பிடியாக நிற்பதே கதை. பேத்தி வயிறு குலுங்கச் சிரித்தாள். இப்படியெல்லாம் உலகத்தில் நடக்குமா என்று என்னைக் கேட்டாள். நடந்தது என்றேன். கச்சிராயபாளையத்திற்குக் கிழக்கே, எங்கள் கரும்புக் கொல்லையின் நடுவிலிருந்த கிணற்றில் நடந்தது.

சிற்றப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு அகவை இருக்கும். ஊர்க் கபடி அணியின் தலைவர் அவரே. ஆண்டுக்கு ஒருமுறை, பத்து அகவை கடந்த பையன்களை வரிசையில் நிறுத்தி, மாட்டுச் சந்தையில் தரகர் பார்ப்பதுபோலத் தொடையையும் கெண்டைக்காலையும் அழுத்திப் பார்த்து, இளையோர் அணிக்கு ஆள் தேர்வார். உடன்பிறந்தவர் மகன் என்ற சலுகை எனக்குக் கிட்டவில்லை. என் காலைத் தொட்டுப் பார்த்தவர் கையை உதறிக்கொண்டார்.

"இன்னாடா இது, காலா, கரும்பு சோவையா? போ, போயி அந்தாண்ட நில்லு."

எங்கள் பக்கம் சோவை என்றால் கரும்பின் காய்ந்த தோகை. அந்தாண்ட நின்றவர்கள் அறுவர். என்னையும், எங்கள் நிலத்தில் உழைத்தவரின் மகனும் என் வகுப்புத் தோழனுமான ஏழுமலையையும், மூச்சிரைப்பு உடையவன் ஒருவனையும், பெருவயிறன் ஒருவனையும், இரட்டையர் இருவரையும் கொண்ட குழாம் அது. கபடி ஆடும் மாலைகளில் எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. நீந்த மட்டும் தெரியும். கிணறு சூழ்ந்த ஊரில் அது ஒரு திறமையாகவே கருதப்படுவதில்லை.

வழியைக் காட்டியது ஒரு மல்லாட்டைப் பொட்டலம். கள்ளக்குறிச்சிச் சந்தையிலிருந்து ஏழுமலையின் தந்தை வேர்க்கடலை வாங்கிவந்த காகிதத்தில், அயல்நாட்டு இதழொன்றின் கிழிந்த பாதிப் பக்கம் இருந்தது. அதில் ஒரு படம். தெளிந்த நீர்ப்பரப்பு, அதற்குமேல் ஆறு இணைக் கால்கள் இதழ் விரித்த பூவைப்போல நின்றன. தலையும் உடலும் நீருக்குள் மறைந்திருந்தன. கீழேயிருந்த எழுத்துகள் எங்களுக்குப் புரியாதவை. அக்கால்கள் ஆடவருடையனவா மகளிருடையனவா என்று ஆராய எங்களுக்குத் தோன்றவில்லை. ஆறு பேர் என்பது ஒன்றே கண்ணில் பட்டது. நாங்களும் ஆறு பேர்.

மறுநாளே கிணற்றில் இறங்கினோம். புரட்டாசி மழையால் நீர் மேலேறியிருந்தது. பம்பு செட்டுக்கும் வேலையில்லை. முதல் பத்து நாள்கள் நாங்கள் குடித்த நீரில் அரைக்காணி நட்டிருக்கலாம். ஒருவன் உதை மற்றவன் தாடையில் விழும். பெருவயிறன் தலைகீழாகப் போகவே மறுத்தான். அவன் வயிறு அவனைக் கேளாமலே மேலே கொண்டுவந்துவிடும். பின்னர் ஏழுமலை ஒரு முறை கண்டான். தலைகள் ஆறும் நடுவில் கூட, கால்கள் சுவரை நோக்கி நீள, முதலில் எல்லாரும் வட்டமாக மல்லாந்து மிதக்கவேண்டும். அவன் நீரை மூன்று முறை தட்டுவான். மூன்றாம் தட்டில் எல்லாரும் ஒருசேரப் புரண்டு உள்ளே போய்க் கால்களை மேலே நீட்டவேண்டும்.

மல்லாந்து மிதக்கையில் அவரவர் கால்விரலுக்கு அப்பால் அவரவர்க்கென்று ஒன்று தெரிந்தது. எனக்கு நேரே பம்பு செட்டின் இரும்புக் குழாய். ஏழுமலைக்கு நேரே கற்படி. மற்றவர்களுக்கு முறையே சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்று, புறாப் பொந்து, மாடு கட்டிக் கவலையால் நீர் இறைத்த காலத்துக் கல், நீர் கசியும் வெடிப்பு. அது விரல்நுனிக்கு நேராக நின்றால் வட்டம் வட்டமாக இருந்தது. விலகினால் பூ கோணிற்று. இதை ஒருவர்க்கொருவர் நாங்கள் சொல்லிக்கொண்டதில்லை. மூச்சு விடுவதைப் பற்றி யார் பேசிக்கொள்வார்கள்? ஏழுமலை கூறியதெல்லாம் ஒன்றே: "கண்ண நவுத்தாதீங்கடா. நவுத்துனா எல்லாம் கொலஞ்சிடும்."

செய்தி வெளியே போகாமலிருக்குமா? சிற்றப்பாவுக்கு அது பேரின்பமாயிற்று. தேநீர்க் கடையில் எங்களுக்கு 'மல்லாந்த தவளைங்க' என்று பெயர் சூட்டினார். அதோடும் நில்லாமல், அடுத்த சந்தை நாளில் அதே கடலைக் கடைக்காரரிடம் சென்று, அவ்விதழின் மற்றப் பாதியைத் தேடி வாங்கிவந்து கடை முன் விரித்தார். அதில் அந்த அறுவரும் தலைக்குப் பூத் தைத்த தொப்பியணிந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அறுவரும் மகளிர்.

"தோ பாருங்கடா, ஒங்க வாத்தியாரம்மாவுங்கள. நல்லா கத்துக்கினு வந்து ஊருக்கும் சொல்லிக் குடுங்க."

கடையே சிரித்தது. இரட்டையர் அன்றே விலகிவிடுவதாகச் சொன்னார்கள். ஏழுமலை அவர்களை வரப்பில் நிறுத்தினான்.

"நம்ப கொல்லையில நடவு யாருடா நடுறாங்க? பொம்பளைங்கதான. ஒரே வரிசையா, நூலு புடிச்ச மாரி. ஒங்க அப்பன் நடுவானா அப்பிடி?"

"எங்கப்பாவுக்கு இடுப்பு வலிடா."

"அப்ப மூடிக்கினு வா."

வந்தார்கள்.

எங்களைத் தடுத்தது நகைப்பன்று, அம்மாவின் அச்சம். அக்கம்பக்கத்துக் கிணறுகளில் எப்போதோ எவருக்கோ நேர்ந்த தீங்குகளையெல்லாம் அவர் நாள்தோறும் சோற்றோடு பரிமாறினார். கிணற்றுப் படியை முள்ளிட்டு அடைத்துவிட வேண்டும் என்பது அவர் வழக்கு. எங்கள் வழக்கை எடுத்துச் சொல்ல ஆளில்லை. சிற்றப்பா அடுக்களை வாயிலில் நின்று, "அடைச்சிடுங்க அண்ணி, தவளைங்க சத்தம் தாங்கல," என்று அம்மாவுக்கே துணை நின்றார். அப்பா சொற்சிக்கனம் உடையவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ஏரி கோடி போற அன்னிக்கு ஊருக்கு முன்னால செஞ்சி காட்டுங்க. ஒழுங்கா வந்துச்சின்னா கெணறு ஒங்களுது. வரலன்னா மறுநாளே முள்ளு வெட்டி அடைச்சிடுவேன்."

கல்வராயன் மலையில் பெய்த மழை இறங்கி, எங்கள் ஏரி நிரம்பி, மிகைநீர் கலிங்கின் வழியே வழிவதைத்தான் 'கோடி போவது' என்பார்கள். அன்று ஊர் கூடிக் கிடா வெட்டிப் படையலிடும். இளைஞர்கள் சிலம்பம் சுற்றுவார்கள், கபடி ஆடுவார்கள். அந்த வரிசையில், ஆண்டாண்டுக் காலமாக இல்லாத ஒன்றாக, எங்களையும் அப்பா சேர்த்துவிட்டார். கபடிக்கு ஆகாத அறுவர்க்கு அந்தக் கிணற்றை விட்டால் வேறு இடமில்லை. அதை இழப்பதும் காப்பதும் அந்த ஒரு நாளில் இருந்தது.

கார்த்திகை முற்பகுதியில் கோடி போயிற்று. கலிங்குக்கு எட்ட, கரையோரம் மார்பளவு நீர் நின்ற இடத்தை எங்களுக்கு ஒதுக்கினார்கள். பறை ஓய்ந்தது. கரை நெடுகத் தலைகள். நாங்கள் இறங்கி, தலைகளை நடுவில் கூட்டி, மல்லாந்து மிதந்தோம்.

கால்விரலுக்கு அப்பால் ஒன்றுமில்லை.

வானமும், அதன் கீழ் நீலமாய் மலையும், இடையில் அளவற்ற நீரும் இருந்தன. குழாய் இல்லை. என்ன குறைகிறது என்றுகூட எனக்கு விளங்கவில்லை. ஏதோ பிடி நழுவியதுபோல இருந்தது. காற்று எங்களை மெல்லத் தள்ளியது. ஏழுமலை மும்முறை தட்டினான். புரண்டபோது வட்டம் எப்போதோ கலைந்துபோயிருந்தது. என் கால் ஒரு திசையில் எழுந்தது. இரட்டையர் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டார்கள். பெருவயிறன் மட்டும் கலங்காமல் தனியே மிதந்து போய்க்கொண்டிருந்தான். கரை முழுதும் சிரிப்பு. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாபா, பூவா இது? பூசணிக்கா மெதக்குது."

மீண்டும் ஒருமுறை முயன்றோம். அது முன்னதைவிடக் கேடாயிற்று. ஏழுமலை நீரைக் குடித்து இருமினான். கரையில் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் எழுந்தால் ஒன்று முடிந்தது என்று பொருள். "போதும், ஏறுங்க," என்றார்.

அப்போதுதான் சிற்றப்பா நீரில் குதித்தார். புது வேட்டி. அதற்கு முன்தான் கபடியில் வென்று, கழுத்தில் மாலையோடு நின்றிருந்தார். மாலையும் அவரோடு நனைந்தது. எங்களைக் காதைப் பிடித்து இழுத்துப்போகவே வருகிறார் என்று எண்ணி நான் பின்வாங்கினேன். அவரோ எங்களைக் கடந்துபோய், கரையைப் பார்த்துத் தம் கபடித் தோழர்களை அதட்டினார்.

"டேய், அஞ்சி பேரு எறங்குங்கடா. கேள்வி கேக்காத, எறங்கு. நீ தோ இங்க நில்லு, நீதான் படிக்கட்டு. நீ அரசங்கன்னு. நீ அங்க போ, புறாப் பொந்து."

"நான் இன்னாத்துக்குடா பொந்து?"

"ஒன் வாயிக்கு வேற இன்னா குடுப்பாங்க? நில்லு."

மலைபோன்ற ஐந்து ஆடவர்கள், படியாகவும் பொந்தாகவும் வெடிப்பாகவும், மார்பளவு நீரில் எங்களைச் சூழ நின்றார்கள். ஆறாவது இடத்தில், எனக்கு நேரே, சிற்றப்பா தாமே நின்றார். ஒரு கையைச் செங்குத்தாக மேலே நீட்டிக்கொண்டார்.

"டேய் சோவ, இங்க பாரு. நான்தான் கொழாய். என்னியே பாத்துக்கினு படு."

படுத்தேன். கால்விரல் நுனிக்கு நேரே, வானத்தைக் கீறிக்கொண்டு அந்தக் கை நின்றது. நீர் மூன்று முறை அதிர்ந்தது. உள்ளே போனேன், செவிக்குள் ஏரி முழங்கியது, கால்களை நீட்டினேன். ஏழுமலை எங்களுக்கென்று வகுத்த கணக்கு பத்து. பத்து எண்ணி மேலே வந்தபோது முதலில் கேட்டது சீழ்க்கை ஒலி; பிறகு பறை. பெருவயிறனின் ஒரு கால் சற்றுத் தாமதமாக மேலே வந்ததாம். மற்றபடி பூ பூவாகவே இருந்ததென்று கரையிலிருந்தோர் அனைவரும் சொன்னார்கள். இன்னொரு முறை கேட்டார்கள். இன்னொரு முறை மலர்த்தினோம். அப்பா பண்ணையாளை அழைத்து, "நாளைக்கு முள்ளு வெட்ட வேணாம்," என்று மட்டும் கூறினார். அம்மா என் தலையை நெடுநேரம் துவட்டினார்.

அந்தக் கிணறு அதன்பின் நான்கு ஆண்டுகள் எங்களுடையதாக இருந்தது. மூச்சிரைப்பு உடையவன் அங்கேதான் மூச்சை ஆளக் கற்றான். பள்ளியிறுதித் தேர்வுக்கு முதல்நாள்கூட நானும் ஏழுமலையும் அங்கே மிதந்துகொண்டுதான் பாடம் ஒப்பித்தோம். பிற்காலத்தில் எனக்கு வாய்த்த நல்லவை பலவற்றுக்கு அந்நீர் ஊற்றாயிருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால், அன்று மாலை நான் சிற்றப்பாமேல் கடுஞ்சினம் கொண்டிருந்தேன். எங்கள் ஆட்டத்துக்குள் அழையாமல் புகுந்து, பாதிக் கைதட்டலை அவர் கவர்ந்துகொண்டதாக எனக்குத் தோன்றியது. அவரும் அதற்கேற்பவே நடந்துகொண்டார். புது வேட்டி சேறானதெப்படி என்று அம்மா கேட்டதற்கு, "தவள புடிக்கப் போனேன் அண்ணி," என்றார். என்ன இருந்தாலும் கபடிக்கு ஈடாகாது என்று தேநீர்க் கடையில் மறுநாளும் சொன்னார். மூன்று நாள்கள் நான் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவுமில்லை.

சினந்தேனேயன்றி ஒன்றை நான் கேட்கவில்லை. என் குறி குழாய் என்றும், ஏழுமலையின் குறி படி என்றும் அவருக்கு யார் சொன்னது? நாங்கள் சொல்லவில்லை, எங்களுக்கே அது சொல்லாய் அமைந்ததில்லை. கொல்லையைச் சுற்றி ஆளுயரத்துக்குமேல் கரும்பு நின்றது. வரப்பில் நடப்பவர்க்குக் கிணற்றின் நீர் தெரியாது. விளிம்புக் கல்வரை வந்து, குனிந்து பார்த்தால்தான் தெரியும். யார் எதைப் பார்த்து மிதக்கிறான் என்று அறிய, ஒருநாள் வந்து பார்த்தாலும் போதாது. பல நாள்கள் பார்க்கவேண்டும். கபடிக் களத்தில் அவர் இருந்திருக்கவேண்டிய மாலைகள் அவை.

கிணற்றுக்குள் ஆறு பிள்ளைகள் மல்லாந்து கிடந்தோம். முகங்கள் மேல்நோக்கியே இருந்தன. ஆயினும் கண்ணை நகர்த்தினால் பூ கலைந்துவிடுமென்று அவரவர் குறியிலேயே பார்வையை ஊன்றியிருந்தோம். விளிம்பில் ஒருவர் நிற்கக்கூடும் என்று பார்க்க எங்களில் எவனுக்கும் தோன்றவில்லை.