இரண்டாவது உறுதிமொழி அட்டை

என் அண்ணன் பயந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோர்ட்டில் நடந்ததைக் கேள்விப்பட்ட சிலர் அவனைப் பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெருநாய் குரைத்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். பல் டாக்டரிடம் போவதற்கு அண்ணி துணைக்கு வரவேண்டும். ஆனால் பதினோரு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடி மோட்டார் அறையில், கீழே ஏழு மாடி இருட்டு தெரிய, கம்பி வடத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பான். "அங்க பயமா இல்லையா?" என்று கேட்டால், "அங்க எது எதைப் பிடிச்சுக்கிட்டிருக்குன்னு எனக்குத் தெரியும்" என்பான்.

அவன் கம்பெனியில் ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு சோதனை அட்டை உண்டு. நன்று, பழுது, பார்க்கவில்லை என்று மூன்று கட்டங்கள். மற்ற மெக்கானிக்குகள் நேரமில்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் நன்று போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அண்ணன் மட்டும், தான் கைவைக்காத பாகத்துக்கு நேரே பார்க்கவில்லை என்று எழுதுவான். அதனால் ஒர்க் ஷாப்பில் அவனுக்குப் 'பாக்கலை' என்றே பெயர். "பாக்கலை வந்தாச்சா?" "பாக்கலை, சாப்பிட்டியா, இல்ல அதையும் பாக்கலையா?" இப்படித்தான் பேசுவார்கள்.

கடவுள் விஷயத்திலும் அவன் அப்படித்தான். கல்யாணமாகி ஒரு வருடம் கழித்துத்தான் அண்ணிக்கே தெரிந்தது. "இருக்குன்னும் என்னால சொல்ல முடியலை, இல்லைன்னும் சொல்ல முடியலை" என்றானாம். அண்ணி கதவைச் சாத்திவிட்டு வந்து, "சரி, இதை யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதீங்க" என்றாள். அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அடுத்த தெருவில் இருந்த கணக்கு வாத்தியார் ஒரு கூட்டத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னார். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் வைத்து அவர் தாடையை உடைத்தார்கள். அடித்தவர்களை எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாருக்கும் தெரியாது.

இப்படியே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. போன வருடம் ஆறு மாடி ஜவுளிக் கிடங்கு ஒன்றில் லிஃப்ட் நாலாவது மாடியிலிருந்து சறுக்கி விழுந்தது. உள்ளே இருந்த மூட்டை தூக்குபவருக்கு இரண்டு காலும் போயிற்று. கிடங்கு முதலாளி, லிஃப்ட் ஓட்டிய அம்மா அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதுதான் காரணம் என்று புகார் கொடுத்தார். லிஃப்டுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நாள் முழுக்கப் பொத்தானை அழுத்தும் வேலை அவருக்கு. மூன்று வாரம் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருந்தார்.

விபத்துக்கு மூன்று நாள் முன்னால் அந்த லிஃப்டைச் சோதிக்கப் போனவன் அண்ணன். சரக்கு வரும் நேரம், நிறுத்த முடியாது என்று மேனேஜர் பிரேக்கைத் தொடவே விடவில்லை. அட்டையில் பிரேக்குக்கு நேரே பார்க்கவில்லை என்று எழுதி, சுவிட்சில் 'ஓட்டாதே' என்ற பலகையை மாட்டிவிட்டு வந்திருந்தான். பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு லிஃப்டை ஓட்டச் சொன்னது மேனேஜர் என்று அந்த அம்மா சொன்னார். பலகையே இருந்ததில்லை என்று மேனேஜர் சொன்னார். இருந்தது என்று சொல்ல அண்ணன் ஒருவன்தான். அவன் சொல்லை நம்பாவிட்டால் அந்த அம்மாவுக்குச் சிறை.

சம்மன் வந்ததும் அவன் விசாரித்த முதல் விஷயம், சாட்சிக்கூண்டில் என்ன சொல்லவேண்டும் என்பது. எல்லோரும் கடவுள் பேரில் ஆணையிடுவார்கள். விருப்பமில்லாதவர்கள் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று சொல்லச் சட்டத்தில் இடமுண்டு. அதற்குத் தனி அட்டை இருக்கிறது என்று கோர்ட் குமாஸ்தா சொன்னார். யாருக்கு என்றும் கேட்டார். அண்ணன், "எனக்குத்தான்" என்றான். அன்று சாயங்காலத்துக்குள் செய்தி டீக்கடைக்கு வந்துவிட்டது.

"வாயால சொன்னா வாய் வெந்துடுமா?" என்றாள் அண்ணி. "ஊரே சொல்லுது. எத்தனை பேர் மனசார சொல்றாங்க?"

"நான் அங்க போறதே உள்ளதைச் சொல்லத்தானே. முதல் வாக்கியத்தையே இல்லாததா சொல்லணுமா?"

"அந்த ஒண்ணை மட்டும் சொல்லிட்டு மிச்சத்தை உள்ளபடி சொல்லுங்க. நாம வாடகை வீட்ல இருக்கோம், ஞாபகம் இருக்கட்டும்."

மறுநாள் அவன் நூலகத்திலிருந்து தலையணை மாதிரி ஒரு புத்தகம் கொண்டுவந்தான். கடவுளைச் சந்தேகித்தவர்களின் வரலாறு. அதை அவன் படித்த விதம்தான் விநோதம். ஒவ்வொரு ஆளைப் பற்றிய பகுதியிலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுவான். அவர்கள் சொன்னது என்ன என்பதைவிட அவர்கள் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தார்களா என்பதுதான் அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது.

"கிரேக்க நாட்டுல ஒருத்தர், தெய்வம் உண்டா இல்லையான்னு தெரியாதுன்னு எழுதினாராம். புத்தகத்தைக் கொளுத்திட்டாங்க, அவரு ஊரை விட்டு ஓடிட்டாருன்னு சொல்றாங்க."

"ம்."

"முந்நூறு வருஷம் முன்னாடி ஒரு காலேஜ் பையன், இருபது வயசு. நண்பர்கள்கிட்ட பைபிளைக் கேலி பண்ணிப் பேசினான்னு தூக்குல போட்டுட்டாங்க. மன்னிப்புக் கேட்டும் விடலை."

அண்ணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். உலகாயதர்கள் என்று பழங்காலத்தில் ஒரு கூட்டம் இருந்தது, உடம்புக்கு அப்பால் ஒன்றுமில்லை என்றார்கள், ஆனால் அவர்கள் எழுதியவை ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை, எதிர்த்து எழுதியவர்கள் மறுப்பதற்காக எடுத்துச் சொன்னதை வைத்துத்தான் அவர்களைத் தெரிந்துகொள்கிறோம் என்று அவன் படித்தான். அந்தப் பக்கத்திலேயே ரொம்ப நேரம் இருந்தான். பிறகு பிரான்சில் ஒரு கிராமத்துப் பாதிரியார். நாற்பது வருடம் ஒரு பூசையும் தவறாமல் செய்தாராம். செத்த பிறகு பார்த்தால், எனக்கு இதில் எதிலுமே நம்பிக்கை இல்லை என்று கட்டுக்கட்டாக எழுதிவைத்திருந்தாராம்.

"அவர்தான் புத்திசாலி" என்றாள் அண்ணி. "அவர் மாதிரி இருங்களேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. இங்கிலாந்தில் நூற்றைம்பது வருடத்துக்கு முன்புவரை நம்பிக்கை இல்லாதவன் சாட்சி சொல்லவே முடியாது, அப்படி ஒருவனுடைய பொருளைத் திருடியவன் தப்பித்துக்கொண்டான் என்ற பக்கத்தில் இருந்தான். "என் சாட்சியையும் இப்படித் தள்ளிட்டா அந்தம்மா கதி என்ன?" என்று கேட்டான்.

அந்த வாரம் அவனுடைய ஸ்கூட்டர் டயரில் இரண்டு தடவை காற்று இறங்கியிருந்தது. ஆணி இல்லை, ஓட்டை இல்லை. மூன்றாம் நாள் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் படியில் நிறுத்தி, "தம்பி, நீங்க நல்ல பிள்ளை. வெளியில என்னென்னமோ பேசிக்கிறாங்க. உண்மையா?" என்றார். அண்ணன், "செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போறேங்க" என்று மட்டும் சொன்னான். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவன் சாப்பிடவில்லை. அண்ணியும் நானும் கூடப் போனோம். கோர்ட்டில் பின்வரிசையில் எங்களுக்குத் தெரியாத ஆண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இந்த வழக்கில் என்ன வேலை என்று புரியவில்லை. லிஃப்ட் ஓட்டிய அம்மா முன்னால், சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கூண்டில் ஏறியதும் குமாஸ்தா வழக்கமான அட்டையை நீட்டினார். அண்ணன், "எனக்கு இன்னொண்ணு வேணுங்க" என்றான். குரல் எங்கள் வரிசைக்குக்கூட வந்து சேரவில்லை. "சத்தமா" என்றார் நீதிபதி. மறுபடி சொன்னான். குமாஸ்தா மேசை இழுப்பறையைத் திறந்து தேடினார். கிடைக்கவில்லை. அடுத்த இழுப்பறை. பிறகு அலமாரி. தூசியில் இரண்டு முறை தும்மினார். எத்தனையோ வருடமாக யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அத்தனை நேரமும் அண்ணன் எல்லோரும் பார்க்கக் கூண்டில் தனியாக நின்றான். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. கடைசியில் நீதிபதியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்து அண்ணன் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான்.

முதலாளியின் வக்கீல் எழுந்தார். "கடவுளுக்கே பயப்படாதவர் பொய் சொல்லப் பயப்படுவாரா?"

"பயமா இருக்கு சார்" என்றான் அண்ணன்.

"யாரைப் பார்த்து?"

"எல்லாரையும். உங்களை, எங்க வீட்டுக்காரரை, பின்னாடி உக்காந்திருக்கிறவங்களை."

சிலர் சிரித்தார்கள். பின்வரிசை சிரிக்கவில்லை. வக்கீல் சோதனை அட்டையை உயர்த்திக் காட்டினார். "பிரேக்கைப் பார்க்கலைன்னு எழுதியிருக்கீங்க. அப்போ பிரேக் கெட்டுப்போயிருந்ததுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

முடியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மா பிழைத்துவிடுவார். அண்ணன் அவரைப் பார்த்தான்.

"முடியாது சார். நான் பார்க்கலை."

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். வக்கீல் உட்காரப் போனார். அண்ணன் நிறுத்தவில்லை. "ஆனா பலகை மாட்டினேன். மாட்டினதை மேனேஜர் பார்த்தாரு, என்னைத் திட்டினாரு. அந்தம்மாவும் அப்ப அங்க இருந்தாங்க. இன்னொண்ணும் இருக்கு. பிரேக் பார்க்காத லிஃப்டோட ஃப்யூஸைக் கழட்டி எங்க கையோட எடுத்துட்டுப் போகணும், அது எங்க விதி. எடுத்திருந்தா யாராலயும் ஓட்டியிருக்க முடியாது. மேனேஜர் போட்ட சத்தத்துல பயந்துபோய் நான் எடுக்கலை. அது என் தப்பு."

எங்களிடம்கூட அவன் அதைச் சொல்லியிருக்கவில்லை. வக்கீல் தன் தாள்களைப் புரட்டினார். தன் மேலேயே குற்றத்தை ஏற்றிக்கொள்கிறவன் பொய் சொல்கிறான் என்று எப்படிச் சொல்வது என்று தேடியிருப்பார். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. பலகையைப் பற்றிய சாட்சியை ஏற்கிறேன் என்று நீதிபதி எழுதியிருந்தார். ஃப்யூஸ் விஷயத்துக்காகக் கம்பெனி அண்ணனின் உரிமச் சீட்டை ஆறு மாதம் வாங்கி வைத்துக்கொண்டது. வீட்டுக்காரர் கோபப்படவேயில்லை. "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு தம்பி, கண்ணாடி ஜன்னல் இருக்கு" என்றார். மாதக் கடைசியில் காலி செய்தோம்.

புது வீட்டில் அவன் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருகிறான். படியில் காலடிச் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். இப்போது முதலாளி மேலும் மேனேஜர் மேலும் வழக்குப் போட்டிருக்கிறார்கள். "மறுபடி கூப்பிட்டா என்ன செய்வீங்க?" என்று அண்ணி கேட்டதற்கு, "காய்ச்சல்னு படுத்துடுவேன்" என்றான். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

நேற்று மத்தியானம் சம்மன் கொண்டுவந்தவர் கையெழுத்துக் கேட்டார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பேனா பிடித்த அண்ணனின் கையைப் பார்த்து, "குளிருதா சார்?" என்றார்.

"இல்லீங்க, பயம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கையெழுத்துப் போட்டான்.