தெருப்பக்கக் கொடியில் சின்னச் சட்டைகள்

இந்தியாவில் ஒரு காப்பகத்தில் இருக்கும் மூன்று வயதுப் பெண்பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பித்துவிட்டு, நானும் கணவரும் திருகோணமலையில் காத்திருக்கிறோம்.

"வர முந்தி உடுப்பு வாங்கினா கண்ணூறு படும். பிள்ளை வராட்டி ஊர் சிரிக்கும்" என்றா மாமி, கணவரின் தாய். நானும் பயந்து, வாங்கிய சட்டைகளையெல்லாம் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மழைக்காலம் முடிந்ததும், பிள்ளையைத் தரலாமா என்று எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தார். அறை அறையாகப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கெண்டு ஒண்டும் வாங்கேல்லையோ?" என்று கேட்டார். அவசரமாக அலுமாரியைத் திறந்தேன். துறைமுகக் காற்றின் ஈரத்தில் அத்தனை சட்டையிலும் பூஞ்சணம். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "பிள்ளையையும் இப்பிடி ஒளிச்சோ வளர்க்கப் போறீங்கள்?"

"இல்லை" என்றேன்.

"அப்ப சரியாக்கி வையுங்கோ. திரும்ப வாறன்."

பிள்ளை இன்னும் வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கிழமைக்கொரு தடவை அந்தச் சட்டைகளைத் துவைத்து, தெருப்பக்கக் கொடியில்தான் காயப் போடுகிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். போன கிழமை மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, "ஆரின்ர சட்டை, தங்கச்சி?" என்று கேட்டார்.

மாமி வாசல் படலையடியில் நின்றா. அவவுக்கும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னேன்:

"என்ர மகளின்ர."