கன்னி மூலையில் கொட்டிய கறுப்பு மண்

1991 மார்ச் 9, சனிக்கிழமை, காலை பத்தரை மணி. வெயில் அப்போதே தகித்தது. காற்று துளியும் இல்லை. மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். மாப்பிள்ளை பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லித்தருபவர். காரில் இருந்தால் சூட்டில் கெட்டுவிடும் என்று, கதிர்வீச்சு அளக்கும் கருவி ஒன்றைக் கையோடு வீட்டுக்குள் கொண்டு வந்தார். டிபன் பெட்டி அளவில் இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, மாமியா வீட்டுக்கு வர்றதுக்கு இதெல்லாம் வேணுமா?" என்றாள் என் மனைவி.

"உங்க சாம்பார்ல உப்பு எவ்வளவுன்னு பார்க்கத்தான் அத்தை."

அவள் சிரித்தாள். கருவியை முடுக்கிக் காட்டினார். முன் கூடத்தில் எப்போதாவது ஒரு 'டிக்'. அடுப்படியிலும் அப்படியே. பிரசவத்துக்குப் பிறகு மகளும் குழந்தையும் தங்கப்போகும் எங்கள் படுக்கையறையைப் பாருங்க என்று என் மனைவிதான் அவரைப் பின் அறைக்குக் கூட்டிப் போனாள். நிலைப்படி தாண்டியதும் சத்தம் மாறியது. தரையருகே கொண்டுபோனபோது தகரக் கூரையில் மழை விழுவதுபோல் விடாமல் அடித்தது. மாப்பிள்ளையின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"மாமா, இந்த ரூம் தரைக்குக் கீழ என்ன போட்டிருக்கீங்க?"

அதற்குப் பதில் சொல்ல எட்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தோம். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கையில் வந்த தொகைக்குச் சாலாக் செலாத்தானுக்கு அப்பால் புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பில் வரிசையின் கடைசி வீடு கிடைத்தது. அந்த இடம் முன்பு ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம். ஈயம் தோண்டி முடித்த குட்டைகள் இரண்டு அப்போதும் பக்கத்தில் கிடந்தன. நான் வாங்குமுன் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன். விளக்குச் சுவிட்சுகள், குழாய்கள், கூரையில் உடைந்த ஓடுகள், பஸ் நிறுத்தத்துக்கு எத்தனை நிமிட நடை. அந்த நிலம் என்னவாக இருந்தது, மேடாக்க எங்கிருந்து மண் வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

என் மனைவிக்கு வேறு கவலை. கிள்ளானிலிருந்து மனையடி பார்ப்பவர் ஒருவரைக் கூட்டி வந்தாள். அவர் தென்மேற்கில் இருந்த பின் அறையில் நின்று தலையை ஆட்டினார். கன்னி மூலை பள்ளமாக இருக்கிறது, வீட்டிலேயே அதுதான் உயர்ந்தும் கனத்தும் இருக்க வேண்டும், அங்கே சன்னல் ஆகாது, வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் அங்கேதான் படுக்க வேண்டும் என்றார்.

வீட்டு வேலை எடுத்துச் செய்த குத்தகைக்காரர் அந்தத் தரையை ஒரு அடி உயர்த்தினார். அதற்காக லம்பத்து மேட்டிலிருந்து இரண்டு லோரி மண் கொண்டு வந்து கொட்டினார். கறுப்பு மண். வெயிலில் மினுக்கும். ஒரு வாளியைத் தூக்க எனக்கு இரண்டு கை வேண்டியிருந்தது.

"அமாங் சார் இது. ஈயத்த எடுத்துட்டு மிச்சம் விடுற மண்ணு. கன்னி மூலைக்குக் கனம் வேணும்னு சொன்னீங்க, இதவிடக் கனம் எங்க கிடைக்கும் லா?"

சரி என்றேன். சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தோம். காற்றில்லாத அறை என்பதால் ஏர்கோன் மாட்டினோம். தாமானிலேயே குளிர்ச்சியான அறை எங்களுடையது என்று அவளுக்குப் பெருமை.

இதைக் கேட்டபின் மாப்பிள்ளை கருவியை அணைத்துக் கீழே வைத்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். அமாங்கில் யுரேனியமும் தோரியமும் கலந்திருக்கும். யுரேனியம் சிதையும் வழியில் ரேடான் என்ற வாயு உண்டாகும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. தரை விரிசல், சுவர் ஓரத்து இடுக்கு, குழாய் போகும் துளை, இவற்றின் வழியாக மேலே வரும். திறந்த வீட்டில் காற்றோடு போய்விடும். அடைத்த அறையில் தேங்கி நிற்கும். வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரக்கூடும். புகை பிடிக்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

"இந்தக் கருவி கதிர்வீச்சத்தான் காட்டும் மாமா. ரேடான் எவ்வளவுன்னு தெரிய வேற ஒன்னு வைக்கணும்."

அடுத்த வாரம் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் கிண்ணங்கள் இரண்டு கொண்டு வந்தார். ஒன்று பின் அறையில், ஒன்று கூடத்தில். மூன்று மாதம் தொடக்கூடாது. என் மனைவி கூடத்துக் கிண்ணத்தைத் தினமும் துணியால் துடைத்து வைத்தாள். நான் திட்டினேன்.

ஜூன் மாதம் முடிவு வந்தது. கூடத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை. பின் அறையில் அதைப்போலப் பல மடங்கு. மாப்பிள்ளை இரண்டே வழி சொன்னார். உடனே சன்னலைத் திறக்க வேண்டும். பிறகு தரையை உடைத்து மண்ணை அள்ள வேண்டும்.

நான் அன்றே குத்தகைக்காரருக்குப் போன் செய்யப் போனேன். என் மனைவி தடுத்தாள். முதலில் கிள்ளான்காரரைக் கேட்க வேண்டும் என்றாள். பஸ் பிடித்துப் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கன்னி மூலையத் தோண்டினா வீட்டுத் தலைவருக்கு ஆகாது. உசுருக்கே ஆபத்து" என்றார்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "பொண்ணும் புள்ளயும் முன் ரூம்ல இருக்கட்டும். அந்தத் தரைய யாரும் தொடக்கூடாது."

"அப்ப நீ?"

"நான் எப்பவும் படுக்கிற இடத்துல படுத்துக்கறேன்."

"உனக்குப் பைத்தியமா? நுரையீரல் போயிடும்னு மாப்பிள்ள சொல்றாரு."

"வரலாம்னுதானே சொல்றாரு? கிள்ளான்காரரு ஆபத்துன்னே சொல்றாரு. எனக்கு நீங்க வேணும்."

மாப்பிள்ளை வந்து பேசிப் பார்த்தார். "அத்தை, மண்ணுக்கு மாமா யாருன்னு தெரியாது" என்றார். "உங்க வாயுவுக்கு மட்டும் என்னைத் தெரியுமாக்கும்" என்று அவருக்குக் காபி ஊற்றினாள்.

ஜூலையில் பேரன் பிறந்தான். பத்திய நாட்கள் முழுவதும் முன் அறையில்தான் இருந்தான். அந்த மட்டில் எனக்கு நிம்மதி. மற்றபடி தோற்றேன். சன்னலைத் திறக்கலாம் என்றால் கன்னி மூலையில் ஓட்டை போடுவதா என்பாள். கதவையாவது திறந்து வைப்போம் என்று வைத்தால், கொசு வரும், ஏர்கோனுக்குக் கரண்டு பில் ஏறும் என்று சாத்துவாள். கூடத்தில் பாய் போட்டு நான்கு நாள் படுத்தேன். அவள் அந்த அறையில் தனியாகப் படுத்தாள். ஐந்தாம் நாள் நானும் உள்ளே போய்விட்டேன். சுவர் ஓரத்து இடுக்கையெல்லாம் அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து சிமெண்டு வைத்து அடைத்தேன். அது எவ்வளவு உதவியதோ தெரியாது.

1995 தீபாவளிக்குப் பின் அவளுக்கு இருமல். சளி என்று நினைத்தோம். தை பிறந்தபோது இருமலில் ரத்தம் வந்தது. படம் எடுத்தார்கள், ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள். நுரையீரல் புற்று. எங்கள் வீட்டில் யாரும் சிகரெட் தொட்டதில்லை. அந்த மண்ணால் வந்ததா என்று மருத்துவரைக் கேட்டேன். "அங்கிள், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு ஆளுக்கு எதனால வந்ததுன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது" என்றார். நேர்மையான பதில். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "தரையத் தொடலதானே?"

"தொடல."

"நல்லாத்தானே இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். ஆகஸ்டு மாதம் இறந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் தரையை உடைக்க ஆள் வைத்தேன். இந்தக் குத்தகைக்காரர் வேறு ஆள், இளைஞர். கறுப்பு மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து, "நல்ல கனமான மண்ணா இருக்கே அங்கிள். செமினியில ஒரு வீட்டுக்கு மேடு போடணும். நானே எடுத்துக்கறேன், லோரி கூலி வேணாம்" என்றார்.

அந்த வீட்டில் யார் குடிவரப் போகிறார்களோ, எந்த அறையை அடைத்துப் படுக்கப் போகிறார்களோ. முடியாது என்றேன். மாப்பிள்ளை நான்கு இடங்களில் விசாரித்தார். கடைசியில் அனுமதி பெற்ற அமாங் ஆலை ஒன்று அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. லோரி இரண்டு நடை போனது. இரண்டிலும் நான் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போய், மண் உள்ளே இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். "அங்கிள், தங்கமா கொண்டு போறீங்க?" என்றார் ஓட்டுநர்.

பிறகு வேறு மண் கொட்டி, தடித்த பிளாஸ்டிக் விரித்து, மேலே சிமெண்டு போட்டோம். செங்கலை இடித்துப் பழைய சன்னலை மீட்டோம். மாப்பிள்ளை மறுபடி கிண்ணம் வைத்தார். மூன்று மாதம் கழித்துக் கூடத்து அளவே அங்கும் வந்தது.

வீடு வாங்குகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று கேளுங்கள், லம்பம் என்றால் கட்டாயம் கேளுங்கள் என்கிறேன். மேடாக்கிய மண் எங்கிருந்து வந்தது, எந்த அறையைப் பகலிலும் அடைத்து வைக்கிறார்கள், தரையில் எங்கே விரிசல் என்று பார்க்கச் சொல்கிறேன். வாசனையால் இதைக் கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் தெரியும் என்கிறேன். பாதிப் பேர், சுவரில் என்ன பெயிண்ட் அடித்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

கன்னி மூலையைத் தோண்டி எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைத்த கூலி, லோரி, ஆலைக்குக் கட்டியது, புது மண், பிளாஸ்டிக், சிமெண்டு, சன்னல், எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது வெள்ளி செலவு.