பத்துக்குப் பத்து வாங்கிய ஓட்டை

திருத்தணி மலையடிவாரத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலம். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் வந்து உட்கார்ந்த ஒருவர், திடீரென்று துள்ளி எழுந்தார்.

“பத்துக்குப் பத்து!”

பரீட்சை ரிசல்ட் பார்க்க வரும் கூட்டத்துக்குப் பழகியவன் நான். “பையனுக்கா சார்?” என்றேன்.

“ஒரு சாப்ட்வேர்ல நான் கண்டுபிடிச்ச ஓட்டைக்குங்க!” மொட்டையைத் தட்டிக்கொண்டார். “இந்த மாதிரி ஓட்டைங்களுக்குன்னே இருக்கிற உலகப் பட்டியல்ல ஏத்தி, நம்பர் குடுத்து, மார்க்கும் போட்டுட்டாங்க. ஆபத்து எவ்ளோ பெருசோ, மார்க் அவ்ளோ. பாஸ்வேர்டே இல்லாம எவன் வேணா நெட் வழியா பூந்து எல்லாத்தையும் அள்ளிகினு போலாம்!”

“எந்த சாப்ட்வேருங்க?”

“இதோ, உங்க மிஷின்ல ஓடிகினு இருக்கிறதுதான்.”

முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கையால் எனக்குப் பஞ்சாமிர்தம் நீட்டினார்; மறு கையால் நெட் ஒயரைப் பிடுங்கினார். அவரை வாழ்த்தியிருக்க வேண்டுமா, அலறியிருக்க வேண்டுமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.