கண்ணாடியைக் கழற்றும் டாக்டர்

கொரட்டூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடியில் இருந்தார் அந்த மனநல டாக்டரம்மா. ஐம்பது வயதிருக்கும். நரைத்த குட்டை முடி, சோடாபுட்டிக் கண்ணாடி. கேள்வி கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பதில் வரும்வரை மாட்டமாட்டார்.

பிளஸ் டூ படிக்கும் என் மகள் வகுப்பில் அடிக்கடி மயங்கி விழுந்தாள். எல்லா டெஸ்டும் நார்மல். அதனால்தான் அங்கே போனோம். அவளிடம் கேட்டதற்கெல்லாம், பாடியில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டும் என் கணவரே பதில் சொன்னார்.

“வீட்ல சண்டை போடுவாளா? கதவை அறைஞ்சு சாத்துவாளா?”

“சேச்சே! எங்க ஊட்ல எதிர்த்துப் பேசுற பழக்கமே கெடையாது டாக்டர்.” அவர் குரலில் பெருமை.

“இந்தத் தாள்ல இருக்கிற கேள்வியெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்காக எழுதினது சார். அதுப்படி பார்த்தா உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்ல.”

“அப்புறம் இன்னா?”

“அங்க சண்டை போடாத பிள்ளை நல்லா இருக்குன்னு அர்த்தம். இங்க எனக்கு அப்படிச் சொல்ல தைரியம் வரல.”

கணவரின் முகம் இறுகியது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். டாக்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்பா சொன்னதெல்லாம் சரியாம்மா?”

கீழே மின்சார ரயில் வந்து நின்று கிளம்பிப் போனது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இல்ல,” என்றாள் என் மகள்.

அப்பாவை மறுத்து அவள் சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை அது. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இப்போதெல்லாம் அவள் மயங்கி விழுவதில்லை; எங்கள் வீட்டில் கதவைப் படாரென்று சாத்தும் சத்தம் கேட்கிறது. அந்த அம்மாவைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.