சம்பந்திக்கு ஒரு பெட்டி

அடைக்கலமேரி அக்காவுக்குப் பொறாமை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் கோள்மூட்டுவது போல ஆகிவிடும்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சூட்கேஸ், பை விற்கும் கடையில் அவர் பதினேழு வருஷமாக விற்பனைக்கு நிற்கிறார். நான் ஆறு வருஷமாகப் பில் போடுகிறேன். வருகிறவர்களிடம் “எங்குட்டுப் பயணம்?” என்று கேட்பார். சிங்கப்பூர், துபாய், கோலாலம்பூர் என்று ஏதாவது பதில் வரும். சிரித்த முகமாகப் பெட்டியைக் காட்டி, விற்று, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பியதும், “அந்த மூஞ்சிக்குக் கோலாலம்பூரு கேக்குது” என்பார். எனக்கு அது பிடிக்கும். நாள் முழுக்க நல்லவர்களாகவே நின்றுகொண்டிருப்பது கால்வலியைவிடப் பெரிய வலி.

ஆனால் வேலையில் அந்தப் பொறாமையைக் கலந்ததில்லை. பெரிய பெட்டி கேட்டு யாராவது வந்தால், பக்கத்து மளிகைக் கடையிலிருந்து பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டைக் கேட்டு வாங்கி வருவார். அவற்றைப் பெட்டிக்குள், சக்கரம் இருக்கும் பக்கமாக வைப்பார். கனம் மேலே இருந்தால் பெட்டி குப்புற விழும் என்பார். பிறகு டைல்ஸ் தரையில் இல்லை, வெளியே தெருவில் இறக்கி, வாங்குகிறவர் கையாலேயே இழுத்துப் பார்க்கச் சொல்வார்.

“வெறும் பெட்டி கடைக்குள்ள ஓடத்தான் செய்யும். நீங்க வெறும் பெட்டியவா கொண்டுபோப் போறீக?”

கைப்பிடி ஆடுகிறதா, சக்கரம் பெரிதாக ரப்பர் போட்டு இருக்கிறதா, நின்ற இடத்தில் திரும்புகிறதா என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். நெற்குப்பை, கொத்தமங்கலம் என்று சுற்று வட்டாரத்தில் இருந்தெல்லாம் அவரைக் கேட்டுத்தான் வருவார்கள். இப்படி எத்தனையோ பேரை ஊர் தாண்டி அனுப்பியவர், தான் போன அதிகபட்சத் தூரம் வேளாங்கண்ணி.

கணவர் அமலதாஸ் கட்டட வேலை பார்த்தவர். மகள் பெல்சி நான்காவது படிக்கும்போது இறந்துபோனார். அதன்பின் இந்தக் கடைதான். பெல்சியை நர்சிங் படிக்க வைத்தார், ஆன்றோவுக்குக் கட்டிக் கொடுத்தார். இருவரும் அயர்லாந்தில் வேலைக்குப் போனார்கள். போன தையில் பெல்சி உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. அன்றைக்கு அக்கா கடையில் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அக்காவுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பெல்சியைக் கேட்கக்கூட இல்லை. உள்ளறைக்கு வெள்ளையடித்தார். தொட்டில் கட்டக் கொக்கி மாட்டினார். முதலாளியிடம் மூன்று மாத லீவுக்கு இப்போதே சொல்லி வைத்தார். பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள் என்று நான் சொன்னதற்கு, “பிள்ளை இங்க வரப்போகுது. நான் எதுக்கு அங்க?” என்று கேட்டார்.

பெல்சி போனில் பேசியது ஆறாம் மாதத்தில். லீவு சிக்கல், டாக்டர் பறக்க வேண்டாம் என்கிறார், பிரசவம் இங்கேதான். இனி பாஸ்போர்ட், விசா என்று எடுத்து அம்மா வந்து சேருவதற்குள் பிள்ளையே பிறந்துவிடும். அதனால் மாமியார் வருகிறார்.

மாமியார் ஞானசெல்வம் டீச்சர், காளையார்கோவிலில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பங்குக் கோயில் ஆட்களோடு ஜெருசலேம் போகும்போது எடுத்த பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது.

“ஆண்டவரப் பாக்கப் போறேன்னுட்டு, எம்பிள்ளையப் பாக்கவுல்ல பாஸ்போர்ட் எடுத்து வச்சிருக்காக” என்றார் அக்கா. அன்றிலிருந்து தினம் ஒன்று. டீச்சருக்குச் சுக்குக் கஷாயம் வைக்கத் தெரியாதாம். டீச்சர் பிள்ளையைக் குளிப்பாட்டினால் அட்டெண்டன்ஸ் எடுத்துவிட்டுத்தான் குளிப்பாட்டுவாராம். நானும் சிரித்தேன். ஆனால் அக்கா மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனதையும் பார்த்தேன்.

இந்த நிலையில்தான் ஒரு புதன்கிழமை மத்தியானம் டீச்சரே கடைக்கு வந்தார், பெட்டி வாங்க.

“உங்கள விட்டா எனக்கு யாரைத் தெரியும் சம்பந்தி?” என்று சொல்லிக்கொண்டே சுற்றிப் பார்த்தவர் நேராகப் போய் நின்றது சிவப்புப் பெட்டி ஒன்றின் முன்னால். பளபளவென்று இருக்கும். சக்கரம் எலுமிச்சம்பழம் அளவுகூட இருக்காது. காலியாக இருக்கும்போது ஒரு விரலால் தள்ளலாம். பாரம் ஏற்றினால் ஒரு பக்கமாக இழுக்கும். இதை வாங்குகிறவர்கள் ஏர்போர்ட் வாசலிலேயே அழுவார்கள் என்று அக்கா எத்தனையோ பேரைத் தடுத்திருக்கிறார்.

டீச்சர் அதைத் தரையில் தள்ளிப் பார்த்தார். ஓடியது. “நல்லா உருளுதே” என்றார்.

“நல்லா இருக்கு, எடுத்துக்கங்க” என்றார் அக்கா.

அரிசி வரவில்லை. தெருவில் இறக்கவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது, கொஞ்சம் இருங்கள் டீச்சர் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நான் கம்ப்யூட்டரை வெறுமனே தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மனசு மாறுவார் என்று நினைத்தேன். மாறவில்லை. துடைக்கத் துணி எடுத்து அந்தச் சிவப்புப் பெட்டியை இன்னும் பளபளப்பாக்கினார்.

அந்த இடைவெளியில் டீச்சர் சொன்னார்: “எனக்கு நாலு சேலையும் ரெண்டு ஸ்வெட்டரும்தான். ஜெருசலேம் போன பழைய பெட்டியே போதும். இது உங்களுக்கு. ஃபிளைட்ல விடுற இருபத்திமூணு கிலோவும் உங்க சாமான்தான். லேகியம், பூண்டு, கருப்பட்டி, பிள்ளைத்துணி, என்னெல்லாம் குடுக்கணும்னு நினைச்சீகளோ அத்தனையும் வைங்க. நான் கொண்டுபோய்ச் சேத்துர்றேன்.”

இதைக் கேட்டு அக்கா உருகிப்போய் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அது இல்லை. என் மேசைக்கு வந்து, குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “பாத்தியா அகல்யா? நல்லவுகளாவும் அவுகளே இருந்துக்கிறாக. எனக்கு அதையும் மிச்சம் வைக்கல.”

சொல்லிவிட்டு மளிகைக் கடைக்குப் போனார். இரண்டு அரிசிப் பையும் வந்தன. சிவப்புப் பெட்டியை ஒன்றும் சொல்லாமல் பழைய இடத்தில் வைத்தார். மேல் தட்டிலிருந்து யாரும் ஏறிட்டுப் பார்க்காத சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை இறக்கினார். இரட்டை இரட்டையாக எட்டுச் சக்கரம், ஒவ்வொன்றும் தடிமனாக இருந்தது. அரிசியை அடுக்கி, அது போதாது என்று கடையில் விற்கிற பூட்டுகளை மூன்று கிலோ எடைக்குத் திணித்து, தெருவில் இறக்கினார்.

“இப்ப இழுங்க.”

டீச்சர் இரண்டு கையையும் போட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். அத்தனை பலம் தேவைப்படவில்லை. பெட்டி அவரோடு கூடவே வந்தது. ஒரு கையை எடுத்தார். சரளைக்கல் கிடந்த இடத்தைத் தாண்டி, ஜூஸ் கடைவரை போய், திரும்பி நின்று சிரித்தார். அறுபத்திரண்டு வயதுக்காரர் சின்னப் பெண்போலச் சிரித்தார். அவருக்கு மகன் வீடு அங்கேயே தெரிந்துவிட்டது போலிருந்தது.

அக்கா கடைவாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சுலபமாக அவரை அனுப்பிவைப்பது தன் கைதான் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. “எனக்கு வயிறெரியுதுடி” என்றார். ரகசியமாகக்கூடச் சொல்லவில்லை.

பில் போட்டேன். ஆட்டோ வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு டீச்சர் உட்கார்ந்தார். சனிக்கிழமை பெட்டியோடு வீட்டுக்கு வருவதாகவும், அக்கா சாமான்களைத் தயாராக வைத்தால் போதும் என்றும் சொன்னார். பிறகு, “பெல்சிகிட்ட ஏதாச்சும் சொல்லணுமா சம்பந்தி?” என்று கேட்டார்.

“அவகிட்ட ஒண்ணும் இல்லை. உங்ககிட்டதான்.” அக்கா ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளை பிறந்ததும் நர்சு கொண்டாந்து நீட்டுவாக. நீங்க கை நீட்டாதீக. மாப்பிள்ளை வாங்கட்டும். பெல்சி வாங்கட்டும். அவுகளுக்குப் பெறகு நீங்க வாங்குங்க.”

ஆட்டோக்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். டீச்சர் அவரை இருக்கச் சொன்னார். மடியில் இருந்த கைப்பையைத் திறந்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார். அது அவருக்கும் முதல் பேரப்பிள்ளை.

“முதல்ல நான்தான் வாங்கணும்னு நினைச்சிருந்தேன்” என்றார்.

“தெரியும்” என்றார் அக்கா. கம்பியை விடவில்லை.

பின்னால் வந்த மினி பஸ் ஹார்ன் அடித்தது. “சரி சம்பந்தி. வாங்கல” என்றார் டீச்சர்.

அதன்பிறகுதான் அக்கா கையை எடுத்தார்.