திறக்காதவர்களின் பட்டியல்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் சேவையிலிருந்து தானாகப் போகும் செய்தி ஒன்றுக்குப் பதில் வந்திருந்தது. 'மூன்று வாரமாக உங்களைக் காணவில்லையே! உங்கள் பத்திரிகைகள் காத்திருக்கின்றன' என்று போகும் செய்தி அது. கீழே பொறுப்பாளர் என்று என் பெயர் இருக்கும். பதில் இதுதான்: "உம்மா மௌத்தாகி பன்னெண்டு நாளாச்சு. கீழ உங்க பேரு இருந்துச்சு, அதான் சொல்றேன்." தாய் இறந்த செய்தியை இப்படி அனுப்பியவர் ஜெமீலா லாத்தாவின் மகன்.

போலகத்தில் அவர் வீட்டுக்கும் காரைக்காலில் எங்கள் அலுவலகத்துக்கும் பைக்கில் அரைமணி நேரம்கூட ஆகாது. பன்னிரண்டு நாள் எங்களுக்குத் தகவல் வராமல் போனதற்குத் தூரம் காரணமில்லை.

சந்தாதாரர்களான உங்களில் பலர் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள், குரலைக் கேட்டிருப்பீர்கள். நாளிதழ்களையும் வார இதழ்களையும் கைபேசியில் படிக்கத் தரும் எங்கள் சேவையில், தொலைபேசி மேசை அவருடையது. கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் தினமும் நாற்காலியில் உட்காருவார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அக்கா என்ற பொருளில் எல்லோருக்கும் லாத்தா.

ஐந்து நாளாகச் செயலியைத் திறக்காதவர்களின் பட்டியல் ஒன்று தினமும் காலையில் வரும். சந்தாவை விட்டுவிடப் போகிறவர்களைப் பிடித்துவைக்க ஏற்பட்ட பட்டியல் அது. லாத்தா அதை வேறு விதமாகப் படித்தார். "கண்ணாடி ஒடஞ்சிருக்கும், போன் மாறியிருக்கும், இல்லாட்டி மனுசன் படுத்திருப்பாரு. இதுல எதுன்னு கேட்டாத்தானே தம்பி தெரியும்?" என்பார். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் கூப்பிடுவார். எடுத்ததும் சொல்வது ஒன்றே: "ஒண்ணும் விக்கலங்க. நல்லா இருக்கீங்களான்னு கேக்கத்தான்."

பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் முதியவர் ஒருவர் இரண்டு வாரமாகத் திறக்கவில்லை. லாத்தா கூப்பிட்டபோது, "பேப்பர நிறுத்திப்புட்டாங்களாமே, நல்ல பேப்பரும்மா அது" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னாராம். செயலியைப் புதுப்பித்ததில் பத்திரிகையின் படம் வேறு பக்கத்துக்குப் போயிருந்தது. பத்திரிகையே செத்துப்போனதாக அவர் முடிவு செய்துவிட்டார். லாத்தா அரைமணி நேரம் பேசி அவருக்குப் பத்திரிகையை மீட்டுக் கொடுத்தார். அன்று முழுக்க எங்களுக்குச் சிரிப்பு.

இன்னொரு முறை சிரிப்பு வரவில்லை. ஷார்ஜாவில் தனியாக இருந்த ஒருவர், விடியலில் தவறாமல் பத்திரிகை திறக்கிறவர், ஐந்து நாள் காணோம். போனும் எடுக்கவில்லை. லாத்தா இங்கே திருமலைராயன்பட்டினத்தில் அவர் சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் மூலம் அங்கே ஆள் அனுப்பினார். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊர் வந்தபோது பேரீச்சம்பழத்தோடு எங்கள் மாடிப்படி ஏறி வந்து, அதை லாத்தாவின் மேசையில் வைத்தார்.

இதெல்லாம் தெரிந்திருந்தும்தான் நான் அதைச் செய்தேன். தொலைபேசியில் இவ்வளவு நேரம் ஏன் போகிறது என்று போன வருடம் தலைமையகம் கேட்டது. எடுத்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு அலுப்பாக இருந்தது; அந்த வருடம் முழுக்கவே அலுப்பாகத்தான் இருந்தேன். "இனிமே மெசேஜ் தானா போயிடும் லாத்தா, நீங்க கூப்பிட வேணாம்" என்றேன்.

"பதில் சொல்ல முடியாம கெடக்குறவங்களுக்கு மெசேஜ் போயி என்ன தம்பி ஆகும்?" என்று கேட்டார். நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கோட்டுச்சேரிமேட்டுப் புள்ள நீங்க. கடலுக்கே பயப்படாத சனம். ஆபீசுக்கு இப்புடிப் பயப்படுறீங்களே" என்று சிரித்தார். அந்த மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுகொண்டார். சந்தாவை மட்டும் விடவில்லை.

அதனால்தான் அவர் பெயரும் பட்டியலில் வந்தது. ஐந்து நாள், ஆறு நாள், ஏழு நாள். ஒவ்வொரு காலையும் பார்த்தேன். இன்னும் கோபம் போலிருக்கிறது, எங்களை விட்டுவிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் இடத்தில் அவர் இருந்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

போலகத்துக்குப் போனபோது மகன் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். என்மீது அவருக்குக் கோபமோ குறையோ இல்லை. "ஒம்போது நாள் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. நெனவு நல்லாவே இருந்துச்சு. படிக்கத்தான் முடியல. போன மட்டும் தலைமாட்டுலயே வச்சிருக்கச் சொன்னாங்க" என்றார். ஐந்தாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை நான் கூப்பிட்டிருந்தால், அவரே எடுத்திருப்பார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அது எனக்காகச் சொன்னதுதான். இருந்தாலும் இப்போது தினமும் காலையில் மேசைத் தூசியைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கிறேன். தலைமையகத்துக்கு இன்னும் சொல்லவில்லை, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

அதிக நாள் திறக்காதவர் பெயர்தான் பட்டியலில் முதலில் வரும். லாத்தாவின் பெயர் மேலே ஏறிக்கொண்டே வந்து, இப்போது அங்கே நிற்கிறது. இந்தக் கணக்கை நீக்கிவிடலாமா என்று திரை கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்துகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பெயரும், அவர் போனில் முதலில் சொல்லும் அந்த வார்த்தையும்தான். பெயரை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பிறகு அதற்கு அடுத்தவரைக் கூப்பிடுகிறேன்.

"ஒண்ணும் விக்கலங்க. நல்லா இருக்கீங்களான்னு கேக்கத்தான்."